இறங்கவும் ஒரு முறை உண்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். பந்தியும் படையும் அவர்கள் கண்டவை. விமானத்தை அவர்கள் கண்டதில்லை. கண்டிருந்தால், அதிலிருந்து இறங்குவதற்கு முந்த வேண்டுமா, பிந்த வேண்டுமா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதனால் இன்று ஆளுக்கொரு நியாயம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இலவசப் பாஸைக் காட்டி டவுன் பஸ்ஸில் கல்லூரிக்கு வருகிறவன் விமானத்தைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் விமானத்தில் ஏறியவர்களைக் கணக்கெடுத்தால் நான் எட்டாவது ஆள். பெரியப்பா, இரண்டு மாமாக்கள், சித்தப்பா, சித்தப்பாவின் மைத்துனர் என்று எனக்கு முன்னே ஏழு பேர் மஸ்கட்டுக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பறந்துவிட்டார்கள். அவர்களுள் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் ஒரே ஒருவர். திருச்சி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் நம்மில் பலருடைய வீட்டுக் கதையும் இதுதான். மற்ற ஊர்களில் விமானம் பணக்காரர் ஊர்தியாக இருக்கலாம். நம் பக்கத்தில் அது கொத்தனாரும் வெல்டரும் வேலைக்குப் போகிற வண்டி.

அந்த வண்டியிலிருந்து நம்மவர் இறங்கும் விதத்தைப் பற்றித்தான் ஒரு கேலிப் பேச்சு உலவுகிறது. கைப்பேசியில் சுற்றிவரும் அப்படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் பெல்ட்டுகள் ‘டக், டக்’ என்று கழல்கின்றன. விமானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் எழுகிறார்கள். மேலேயுள்ள பெட்டிகள் திறக்கின்றன. நடைவழியில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பணிப்பெண் ‘உட்காருங்கள், உட்காருங்கள்’ என்று கையசைத்துச் சோர்ந்து போகிறாள். படத்தின் அடியில் எழுதியிருக்கும் வாசகங்கள் பலவகை என்றாலும் சாரம் ஒன்றே. ‘பஸ்ஸில் வந்த புத்தி விமானத்திலும் போகாது’ என்பதே அது. நம் வகுப்பிலேயே அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர்களுள் சிலருடைய தந்தையர் அந்த விமானங்களில் வருகிறவர்கள்தாம் என்பது வேறு விஷயம்.

ஒழுங்கு வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் அதைக் கேட்பதற்கு நான் காட்டும் காரணம் வேறு. கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, துவாலையை எங்கே விரிப்பது என்பது போன்ற நட்சத்திர ஓட்டல் நாகரிகமாக இதை நினைத்துக்கொண்டுதான் ஒரு சாரார் ஏளனம் செய்கின்றனர். அப்படி நினைத்துக்கொண்டுதான் மறு சாராரும் ‘நமக்கெதற்கு அந்தப் பகட்டு’ என்று எழுந்து நிற்கின்றனர். இருவரும் ஒரே தவறான எண்ணத்தில் இருக்கிறார்கள். இறங்கும் முறை உயிர் சம்பந்தப்பட்டது. அது எப்படி என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம். இயற்பியல் மாணவனிடம் கட்டுரை கேட்டால் கணக்கு வரத்தானே செய்யும்!

நம் பக்கம் வந்துபோகும் விமானங்களில் பெரும்பாலானவை ஒற்றை நடைவழி கொண்டவை. முப்பது வரிசை, வரிசைக்கு ஆறு பேர் என்றால் 180 பேர். நடைவழியின் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர். விமானம் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். பிரேக் பிடித்து, வேகம் குறைந்து, நிலையத்தை நோக்கித் திரும்பி ஊர்ந்து வருகிறதே, அப்பொழுதுகூட அது நம் டவுன் பஸ் போகிற வேகத்தில்தான் வருகிறது. முன்னே ஏதேனும் வண்டி குறுக்கிட்டால் விமானி சட்டென்று நிறுத்துவார். நியூட்டனின் முதல் விதிப்படி விமானம் நிற்கும். எழுந்து நிற்பவருடைய உடம்பு நிற்காது. பஸ்ஸிலாவது பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. விமானத்தில் தலைக்கு மேலே கம்பி ஏது?

அவர் விழுவதோடு போகவில்லை. மேலே பெட்டிக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். கையோடு கொண்டுபோகப் பெரும்பாலான கம்பெனிகள் அனுமதிப்பது 7 கிலோ. ஏழு கிலோ என்று சீட்டில் இருக்கும். கோடாலித் தைலமும் சாக்லேட்டும் பால்பவுடரும் சேர்ந்த பையின் நிறை எவ்வளவு என்பதை நாம் வீட்டில் இறக்கி வைக்கும்போதே அறிவோம். ஏழு கிலோ என்றே வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் அப்பை கீழே உட்கார்ந்திருப்பவர் தலையைத் தொடும்போது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நடைவழி ஓரத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் கிழவியின் கழுத்துக்கு அது போதும்.

சரி, விமானம் நின்றுவிட்டது. இனியாவது எழலாமா என்றால், விளக்கு அணையும்வரை பொறுக்க வேண்டும் என்கிறார்கள். இந்த இடத்தில்தான் பலருக்குக் கோபம் வருகிறது. அதற்கும் காரணம் இருக்கிறது. விமானத்தின் கதவோடு ஒரு சறுக்கு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்துக் காலத்தில் கதவைத் திறந்ததும் அது சில வினாடிகளில் காற்று நிரம்பித் தரைவரை நீளும். சாதாரணமாக இறங்கும்போது அப்படி நேரக் கூடாது. வெளியே ஏணியோடு நிற்கும் தொழிலாளியின் மேல் அது பாய்ந்தால் என்னாவது? ஆகவே பணியாளர்கள் முதலில் அந்தப் பிணைப்பை விடுவித்து, ஒருவர் செய்ததை மற்றவர் சரிபார்த்துக்கொள்கிறார்கள். என்ஜின் நிற்க வேண்டும். ஏணியோ ஏரோபிரிட்ஜோ வந்து பொருந்த வேண்டும். அதன் பிறகுதான் கதவு. அதற்குள் நாம் நின்றாலும் கதவு திறக்காது, படுத்தாலும் திறக்காது.

திறந்தபின் ஒரு கதவு வழியாக ஆளுக்கு நான்கு வினாடி என்று கொண்டால் 180 பேருக்கு 720 வினாடி, பன்னிரண்டு நிமிடம். முப்பதாம் வரிசைக்காரர் முதல் நிமிடத்தில் எழுந்தாலும் பத்தாம் நிமிடத்தில் எழுந்தாலும் அவர் முறை வருவது ஒரே நேரத்தில்தான். இடையில் அவர் கழுத்தை மடக்கி, பெட்டியில் தலை இடிக்காமல், முன்னாலிருப்பவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சம். கீழே பஸ் வைத்திருந்தால் வேடிக்கை இன்னும் கூடுதல். முண்டியடித்து முதலில் ஏறியவர் உட்பக்கம் தள்ளப்பட்டு, பஸ் நிறையும்வரை காத்து நிற்கிறார். ஆடி அசைந்து கடைசியில் ஏறியவர் கதவோரம் நின்று முதல் ஆளாக இறங்குகிறார்! பிறகு இருவரும் கன்வேயர் பெல்ட்டின் முன்னே அருகருகே நின்று, வராத பெட்டியை எதிர்நோக்குகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. வெளிநாட்டு விமானத்தில் வருகிறவருக்கு அவசரப்படுவதில் பயன் இல்லாமல் இல்லை. கன்வேயருக்கு முன்பே குடியேற்றச் சோதனை வரிசை இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு விமானங்கள் வந்துவிட்டால், முதலில் போய் நிற்பவருக்கும் கடைசியில் நிற்பவருக்கும் அரை மணி, முக்கால் மணி வித்தியாசம் வந்துவிடும். வெளியே வாடகை வேன் காத்திருக்கிறது. வேனுக்குள் அவர் இதுவரை பாராத அவருடைய குழந்தை இருக்கிறது. அவர் போனபோது வயிற்றில் இருந்தது. இப்போது ‘அப்பா எங்கே’ என்றால் கைப்பேசியைக் காட்டுகிறது. இரண்டு ஆண்டு இரண்டு மாதம் ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்துக் கிடந்தவர், இனிப் பத்து நிமிடம் பொறுக்க மாட்டாரா என்று நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். கேட்பது சரிதான். சிரிப்பதுதான் சரியில்லை. சோதனைக் கூண்டுகளில் ஆட்களைக் கூடுதலாகப் போட்டால் பாதி அவசரம் தானே அடங்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதுபோலவே, விளக்கு அணைந்த பிறகு எழுந்து நிற்பதையும் ஒரு குற்றமாகச் சிலர் பேசுகிறார்கள். நான்கு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தவன் எழுந்து முதுகை நிமிர்த்துவதில் என்ன பிழை? எழுவது வேறு, முன்வரிசைக்காரரைத் தாண்டிக்கொண்டு போவது வேறு. முன் வரிசை முதலில், பின் வரிசை பின்னால் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலிருந்தும் வந்ததன்று; குறுகலான வழியில் வேறு எப்படியும் போக முடியாது என்பதனால் தானாக அமைந்தது. இதில் விலக்கு இல்லாமலில்லை. அடுத்த விமானத்தைப் பிடிக்க ஓட வேண்டியவர் ‘ஐயா, கொஞ்சம் வழி விடுங்கள்’ என்று கேட்டால் விட்டுவிட வேண்டியதுதான். கேட்காமலே முழங்கையால் வழி உண்டாக்குபவரைத்தான் நான் குறை சொல்கிறேன். தம் பையைப் பத்து வரிசை பின்னால் வைத்துவிட்டு வந்து, இறங்கும் கூட்டத்தில் எதிர்நீச்சல் போடுகிறவர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம். அவர்கள் உட்கார்ந்திருந்து, வழி ஓய்ந்ததும் எடுத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

2024-ஆம் ஆண்டில், அத்தை மகள் கல்யாணத்துக்காக என் அப்பாயியை அழைத்துக்கொண்டு கோலாலம்பூர் போய்த் திரும்பினேன். அத்தைதான் டிக்கெட் எடுத்திருந்தார். அப்பாயிக்கு வயது எழுபத்து மூன்று. எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. திரும்பும்போது விமானம் திருச்சியில் இறங்கி ஊர்ந்துகொண்டிருக்கையில், வழக்கம்போல் முன்னும் பின்னும் ஆட்கள் எழுந்தார்கள். எழுந்தவர்களுள் கைலி கட்டியவரும் இருந்தார், கோட்டுப் போட்டவரும் இருந்தார். எங்களுக்குப் பின் வரிசையில் காதில் வெள்ளைக் குமிழ்களை மாட்டியிருந்த ஒருவர், சக்கரப் பெட்டியை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் ‘வில்லேஜ் கிரவுட்’ என்று முகம் சுளித்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வரிசையில் முதலில் எழுந்தவரே அவர்தான்!

அப்பாயி மட்டும் அசையவில்லை. பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏண்டா தம்பி, கண்டக்டரு இன்னும் விசிலே ஊதலையே, அதுக்குள்ள ஏன் எல்லாரும் எந்திரிக்கிறாங்க?” என்றார். மேலே எரிந்துகொண்டிருந்த பெல்ட் விளக்கைக் காட்டி, அது அணைந்தால்தான் எழ வேண்டும் என்றேன். சற்று நேரத்தில் விளக்கு அணைந்து ‘டிங்’ என்று ஒலி கேட்டது. “ஊதிட்டான்” என்று சொல்லிவிட்டு நிதானமாகப் பெல்ட்டில் கை வைத்தார்.

பஸ்ஸில் வந்த புத்திதான் அப்பாயியை உட்கார வைத்தது. ஐம்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்த சட்டம் விசில் ஒன்றுதான். அந்தச் சட்டம் எந்தப் படிப்புக்கும் குறைந்ததன்று. விமானத்திலும் விசில் இருக்கிறது என்று அவருக்குப் புரியும்படி ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவே. அன்று விமானத்தில் ஒலித்த அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. தமிழ் வழியில் படித்து வந்த எனக்கு ஆங்கில அறிவிப்பு பாதி புரிந்தது. அப்பாயிக்கு இரண்டுமே விமானச் சத்தத்தோடு சேர்ந்த சத்தம். அன்று எங்கள் விமானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருடைய பேச்சுத் தமிழாகவே இருந்தது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்லாமல், பிறகு ‘சொன்னால் கேட்பதில்லை’ என்பது என்ன நியாயம்? 2018-ஆம் ஆண்டு டிசம்பரில், விமான நிலையங்களில் அறிவிப்புகளை முதலில் அந்தந்த வட்டார மொழியிலும் அதன் பிறகு இந்தியிலும் ஆங்கிலத்திலும் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. ஆனால் அது கட்டடத்துக்குள் செய்யும் அறிவிப்புக்குத்தான். உயிர் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் பேசப்படுவது விமானத்துக்குள்ளே.

உயிர் சம்பந்தப்பட்டது என்று மீண்டும் மீண்டும் சொல்கிறேனே, அது மிகையன்று. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு முறை, இறங்கும் முறை தெரிந்திருப்பது வாழ்வா சாவா என்று ஆகிவிடலாம்.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குச் சென்ற எமிரேட்ஸ் விமானத்தில் 282 பயணிகளும் 18 பணியாளரும் இருந்தனர். பயணிகளில் 226 பேர் இந்தியர். ஓடுபாதையைத் தொட்ட விமானம் மறுபடி மேலே எழ முயன்று, எழ முடியாமல் வயிற்றுப்பகுதி தரையில் மோதச் சறுக்கிக்கொண்டே போய் நின்றது. தீப்பிடித்தது. உள்ளே புகை. அந்த நேரத்தில் உள்ளிருந்த ஒருவர் எடுத்த படம் பின்னர் உலகெங்கும் பரவியது. புகைக்கு நடுவே ஆட்கள் மேலேயுள்ள பெட்டிகளைத் திறந்து பைகளை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். மடிக்கணினியை எடுக்கச் சொல்லும் குரல் ஒன்று கேட்கிறது. பணியாளர்கள் பையை விடுங்கள், குதியுங்கள் என்று கத்துகிறார்கள். முன்னூறு பேரும் எப்படியோ தப்பிவிட்டனர். விமானம் நின்று ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களில் எரிபொருள் தொட்டி வெடித்தது. தீயணைக்க வந்த வீரர் ஒருவர் இறந்துபோனார்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள், நம் திருச்சியில் புதிய விமான முனையம் திறந்து வைக்கப்பட்ட அதே நாள், தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படையின் சிறு விமானத்தின் மேல் மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்தவர்கள் 379 பேர். ஒலிபெருக்கி செயலிழந்துவிட்டது. பணியாளர்கள் மெகாபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தி வழிகாட்டினார்கள். எட்டு வழிகளில் மூன்றுதான் பயன்பட்டன. ஆயினும் 379 பேரும் உயிரோடு வெளியேறினர். கடைசியாக இறங்கியவர் விமானி. அப்போது விமானம் தரையிறங்கிப் பதினெட்டு நிமிடம். பெரும்பாலோர் கையில் பை இல்லை. பிறகு அந்த விமானம் முழுவதும் எரிந்து எலும்புக்கூடாயிற்று.

ஜப்பானியர் பிறவியிலேயே பொறுமைசாலிகள், நாம் அப்படியில்லை என்று இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள். நான் அதை ஏற்பதற்கில்லை. நிலநடுக்கம் வந்தால் எங்கே ஒதுங்குவது, எப்படி வெளியேறுவது என்று பள்ளிப் பருவத்திலிருந்தே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். சொல்ல வேண்டியதை அவர்கள் மொழியில் சொன்னார்கள், அவர்கள் கேட்டார்கள். நமக்கு அந்தப் பயிற்சி இல்லை. மடிக்கணினியைத் தேடியவர் படிக்காதவராக இருக்க முடியாது என்பதையும் கவனியுங்கள். பட்டம் பெற்றால் தானாக வந்துவிடும் அறிவன்று இது. தனியாகக் கற்க வேண்டியது.

பையை ஏன் விட வேண்டும்? இங்கும் கணக்கே துணை. பாதிக் கதவுகளை மட்டும் வைத்துக்கொண்டு 90 வினாடிக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு பெரிய பயணிகள் விமான வகைக்கு அனுமதி கிடைக்கும். ஏ380 என்ற மிகப் பெரிய விமானத்துக்கு 2006-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இச்சோதனை நடந்தபோது 873 பேர் 78 வினாடியில் வெளியேறினார்கள். நம் 180 பேர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். எட்டு வழிகளில் நான்கு திறந்தால் வழிக்கு 45 பேர். அதாவது ஆளுக்கு இரண்டே வினாடி. ஒருவர் பையை இறக்கப் பத்து வினாடி நின்றால், அவருக்குப் பின்னால் ஐந்து பேருடைய நேரத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். அவ்வாறு நால்வர் நின்றால் இருபது பேருடைய நேரம் போயிற்று. போதாதற்கு, பையின் கொக்கியோ சக்கரமோ சறுக்கைக் கிழித்துவிட்டால் அந்த வழியே போயிற்று.

ஹாம்பர்க் சோதனைக்கு வந்தவர்கள் எவரும் தம் மூன்றாண்டுச் சம்பாத்தியத்தை மேலே பெட்டியில் வைத்துவிட்டு வந்தவர்கள் அல்லர். நம்மவர் பையில் என்ன இருக்கிறது? பாஸ்போர்ட், வேலைச் சான்றிதழ், மகளுக்கு வாங்கிய ஆறு கிராம் சங்கிலி. அதை விட்டுவிட்டுக் குதி என்றால் அவர் மனம் கேட்குமா? ‘உயிரை விடப் பை பெரிதா’ என்று வசனம் பேசுவது சுலபம். என் சித்தப்பா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ஏறும்போதும் இறங்கும்போதும் பாஸ்போர்ட்டும் சங்கிலியும் சட்டையின் உட்பையில், ஊக்கு குத்தி. மேலே பையில் இருப்பது துணிமணியும் தின்பண்டமும் மட்டும். அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். விமானத்தில் இருக்கும் பாதுகாப்பு அட்டையில் காணாத இந்த யோசனையை எந்த நிபுணரும் குறை சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

2025-ஆம் ஆண்டில் துருக்கி நாட்டில், விளக்கு அணையும் முன் எழுந்து நிற்கும் பயணிகளுக்கு அபராதம் என்று அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை ஆணை பிறப்பித்தது. இங்கும் அதுபோல் வேண்டும் என்று சிலர் எழுதினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. மொழி புரியாத அறிவிப்பை ஒலிக்கச் செய்துவிட்டு, கேட்காதவனிடம் பணம் பிடுங்குவது முதலில் செய்ய வேண்டிய வேலையன்று. தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். ‘பெரியவங்களே, வண்டி இன்னும் நிக்கல, விளக்கு அணைஞ்சதும் எந்திரிக்கலாம்’ என்று விமானத்தில் ஒரு குரல் கேட்டால் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள் என்று அடித்துச் சொல்வேன். அதற்கும் உட்காராத வெள்ளைக் குமிழ்க்காரர்களிடம் வேண்டுமானால் அபராதம் வாங்கிக்கொள்ளட்டும்.

நாமும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் ஏழு நாள் முகாமுக்குப் போகிற ஊர்களிலெல்லாம் வெளிநாடு போக இருப்பவர்கள் இருக்கிறார்கள். மரம் நடுகிறோம், வாய்க்கால் தூர் வாருகிறோம். அதோடு ஒரு தாள் அச்சிட்டுக் கொடுக்கலாம். பெரிய எழுத்தில், பேசுகிற தமிழில், படத்தோடு. பெல்ட் விளக்குப் படம். அது எரிந்தால் உட்காரு, அணைந்தால் எழு. முன் வரிசை போன பிறகு நம் வரிசை. பக்கத்தில் வயதானவர் இருந்தால் அவர் பையை நீ இறக்கிக் கொடு. சக்கர நாற்காலி கேட்டவர்கள் கடைசியாகத்தான் இறக்கப்படுவார்கள், அதுவரை பயப்படாமல் உட்கார்ந்திருக்கலாம். தீ, புகை என்றால் பையைத் தொடாதே. பாஸ்போர்ட் சட்டைப்பையில். இவ்வளவுதான் விஷயம்.

இதைப் பற்றி நலப்பணித் திட்ட அலுவலரான பேராசிரியரிடம் பேசினேன். படங்களை விலங்கியல் துறை நண்பர் ஒருவர் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். தவளையையும் கரப்பானையும் அவ்வளவு அழகாக வரைகிறவர் விமானத்தை வரைய மாட்டாரா? என் மாமா மகன் எலக்ட்ரீசியன் வேலைக்காக அடுத்த மாதம் துபாய் புறப்படுகிறான். அவனுக்கு இதுவே முதல் விமானம். அச்சாகி வந்ததும் முதல் தாள் தனக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.